காசம் போல் தோன்றிய நோய்

சில ஆண்டுகளுக்கு முன், சேதராப்பட்டிலிருந்து நம் கல்லூரியில் ஓத வந்திருந்த மாணவர் ஒருவருக்கு நள்ளிரவில் தொடங்கும் இருமல் ஸுபுஹு வரை நீடித்தது. உடல் மெலிந்தது. எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களிலும் சிறு புள்ளிகள் தெரிந்தன. காசநோய் என்று விடுதியில் பேச்சுப் பரவ, அவருடைய தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டன. நாமும் அதைத் தடுக்கவில்லை. சளியில் காசக் கிருமி இல்லை. இரத்தத்திலோ ஈஸ்னோபில் எனும் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 3000-ஐத் தாண்டியிருந்தன. நலமுள்ளோரிடம் அவை பெரும்பாலும் 500-க்குள் அடங்கும்.

இவ்வணுவைப் பால் எர்லிக் 1879-இல் இனங்கண்டார். ஈயோசின் என்னும் அமிலச் சாயத்தை நாடி ஏற்பதால் வந்த பெயர் அது. அரபு மருத்துவர்கள் 'ஹமிளாத்' என்பர். புளிப்பைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இச்சொல்லே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அம்மாணவருக்கு நேர்ந்த மயக்கம் புதியதன்று. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், காசநோயாளரைப் போலவே தோன்றியும் கிருமி காணப்படாத சிலரை ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் கவனித்தனர். அவர்களிடம் ஈஸ்னோபில் மிகுந்திருந்ததை 1940-இல் எழுதினர். 1943-இல் மும்பையில் பணியாற்றிய வைன்கார்ட்டன் 81 நோயாளிகளை ஆராய்ந்து 'வெப்பமண்டல ஈஸ்னோபீலியா' எனப் பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த ஊசி மருந்து குணமளித்தது. காரணம் மட்டும் விளங்கவில்லை. இலங்கையில் சிலர் சளியில் கண்ட நுண்ணிய உண்ணிகள் மீது பழி போட்டனர்.

விடை வேலூரிலிருந்து வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் ஆகிய மூவரும் இத்தகைய நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நிணநீர்க் கணுக்களில் மைக்ரோஃபைலேரியாப் புழுக்களைக் கண்டு 1960-இல் வெளியிட்டனர். யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகளே அவை. அப்புழுவைச் சுமக்கும் பலரது இரத்தத்தில் இரவில் அவை திரளாக உலவும். இந்நோயாளரின் இரத்தத்திலோ தேடினாலும் கிடைப்பதில்லை. உடல் அவற்றை அளவு கடந்த சீற்றத்துடன் எதிர்க்கிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கும் குஞ்சுகளை வெள்ளணுக்கள் சூழ்ந்து அழிக்கின்றன. ஈஸ்னோபில் உமிழும் நச்சுப் புரதங்கள் நுரையீரலையும் புண்ணாக்குகின்றன. காக்க வந்த படை, கோட்டையையே இடிக்கிறது. ஒவ்வாமையில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அங்கே எதிரி புழுவன்று, தூசியோ மகரந்தமோ.

ரோஜா மலரும் வசந்தத்தில் அபூஸைத் அல்பல்கீக்கு ஏன் மூக்கொழுகுகிறது என்று அபூபக்ர் அர்ராஸீ (865–925) தனிநூலே எழுதினார். மலரின் மணத்துக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என அவர் கண்டார். அதற்குரிய எதிர்ப்பொருளான ஐ.ஜி.இ., 1960-களின் நடுவில்தான் கண்டறியப்பட்டது.

1975-இல் நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் புதுச்சேரியில் தொடங்கப்பட்டதும், சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவை அது இலக்காகக் கொண்டதும் இவ்வரலாற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

நம் வீடுகளில் இன்று எந்த மூச்சிரைப்புக்கும் 'ஈஸ்னோபீலியா' என்ற பெயர் சூட்டப்படுகிறது. குடற்புழுவும் ஆஸ்துமாவும் சில மருந்துகளும்கூட இவ்வணுவைப் பெருக்கும் என்பதை எவரும் கேட்பதில்லை. தொழிற்பேட்டைப் புழுதியில் இருமுபவர் அதற்கென ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவதையும் கண்டிருக்கிறோம். நம் மாணவருக்கு டைஎத்தில்கார்பமசின் மூன்று வாரங்கள் தரப்பட்டது. முதல் வாரத்திலேயே உறங்கினார். தட்டைத் தாமே எடுத்துவந்து மற்றவர்களோடு ஸஹனில் அமர்ந்தார். அன்று அவர் முகத்தை நேரே பார்க்க நமக்குக் கூச்சமாக இருந்தது.