விரிசலை மூடினால் போதுமா?

போன மாசம் என் பழைய பைக்கைக் கழுவும்போது, இன்ஜினுக்கு முன்னால் இறங்கும் ஃப்ரேம் குழாயில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயிண்ட் கீறல்னு நினைச்சேன். நகத்தை வைத்து இழுத்தால், விரிசல்! பட்டறை அண்ணன் பார்த்துட்டு, "அஞ்சு நிமிஷ வேலை தம்பி, வெல்டிங் வச்சிரலாம்" என்றார். நான் தலையாட்டலை. ஏன்னு சொல்ல 1950-க்குப் போகணும்.

இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி அப்போது ரேஸில் கில்லி. ஆனால் அதன் பழைய ஃப்ரேம், ஐல் ஆஃப் மேன் தீவின் கரடுமுரடான சாலையில் அடி தாங்காமல் உடையும். அங்கே ஒரு சுற்றே சுமார் 60 கிலோமீட்டர். வட அயர்லாந்துக்காரர் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ், குழாய்களை வளைத்து இன்ஜினைச் சுற்றி இரட்டை வளையமாக ஒரு புது ஃப்ரேம் செய்தார். 1950 சீனியர் டிடி பந்தயத்தில் முதல் மூன்று இடமும் நார்ட்டனுக்கே! இறகு மெத்தையில் போற மாதிரி இருக்குன்னு ரேஸர் ஹெரால்ட் டேனியல் சொல்ல, 'ஃபெதர்பெட்' என்பதே அதன் பெயராகிவிட்டது.

அந்த ரேஸ் ஃப்ரேம்களைச் செய்து கொடுத்தது பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் கம்பெனி. குழாய், அவர்களுடைய '531' ரக எஃகு. மெல்லிசு, ஆனால் வலு. அதிகம் சூடாக்கினால் அந்த வலு போய்விடும். அதனால் எஃகை உருக்காமல், வெண்கலத்தை உருக்கி ஒட்டினார்கள். எஃகு உருக சுமார் 1500 டிகிரி வேணும். இந்த வெண்கலத்துக்கு 900 டிகிரி பக்கம் போதும். அங்கே வெல்டராக இருந்த கென் ஸ்ப்ரேசன், பல வருஷம் ஐல் ஆஃப் மேனுக்கே போய், ரேஸர்களின் உடைந்த ஃப்ரேம்களைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். அவர் ஒட்டிய இடத்தை நம்பித்தான் ஒருத்தன் மறுநாள் முழு வேகத்தில் போவான்.

அதனால் நானும் அவசரப்படலை. பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தால், விரிசலுக்குக் கீழே இன்ஜினைப் பிடிக்கும் போல்ட் லூஸ். இன்ஜின் அதிர்வெல்லாம் அந்தக் குழாய் மேலதான் விழுந்திருக்கு! அதைக் கவனிக்காமல் வெல்டிங் வைத்திருந்தால், பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வந்திருக்கும்.

திரும்பவும் அண்ணனிடம் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "அப்ப இன்ஜினை இறக்கிருவோம். ஃப்ரேம் கோணியிருக்கான்னு முதல்ல அளந்து பார்ப்போம், ரெண்டு நாள் ஆகும்" என்றார். அஞ்சு நிமிஷம் ரெண்டு நாள் ஆனதில் எனக்கு நிம்மதிதான்.

உங்க வண்டியைக் கழுவும்போது நீங்களும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.