எஞ்சியதும் செல்வமே

தட்டுப்பாடு வந்தபின்புதான் எஞ்சிய பொருளின் அருமை நமக்குப் புலனாகிறது.

1941 பிப்ரவரியில், ஆக்ஸ்போர்டு ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த பென்சிலின், கிருமிகளால் மரண வாயிலில் கிடந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குச் செலுத்தப்பட்டது. போர்க்கால நெருக்கடியில் மருத்துவமனை மலக்கலங்களிலும் பூசணம் வளர்த்த ஆய்வாளர்கள், அவரது சிறுநீரில் வெளியேறிய மருந்தையும் மீட்டு மறுபடியும் ஏற்றினர். உடல் தேறியது, மருந்தோ தீர்ந்தது. மார்ச் 15-இல் அவர் உயிர் நீத்தார். எனினும் அம்மருந்தின் ஆற்றல் ஐயமின்றிப் புலப்பட்டது.

அதே போர் நம் சேலத்திற்கும் பாடம் கற்பித்தது. வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து நின்றதால், 1943-இல் மாணிக்கம் செட்டியார் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யத் தொடங்கினார். சேலம், நாமக்கல் சமவெளியெங்கும் ஆலைகள் பெருகின. மாவு பிழிந்தபின் எஞ்சும் திப்பி, உலர்ந்து கால்நடைத் தீவனமாயிற்று. பிற்காலத்தில் கழிவுநீரிலிருந்து எரிவாயுவும் எடுத்தனர். அந்நீரை அப்படியே வெளியே விட்ட இடங்களிலோ கிணறுகள் கெட்டன.

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நம் பிள்ளைகள் சோதனை முடிந்ததும் கொட்டிவிடும் வெண்ணிற வீழ்படிவிலும் வெள்ளி இருக்கிறது; அதனை மீட்கவும் இயலும். மீட்டால் செல்வம், கொட்டினால் நஞ்சு. இவ்விரண்டில் எதனை அவர்களுக்குப் பழக்கப் போகிறோம்?