எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர்த் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றவர் என் பெரியம்மா. கல்யாணமான இரண்டாம் வருடம் அவர் மகளுக்கு மனநோய் வந்தது. புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். மாதம் ஒருநாள் மாத்திரை வாங்கப் போவார்கள். அன்று ஏலமும் இல்லை, கூடையும் இல்லை. யாராவது கேட்டால், “காசு ஒண்ணும் செலவில்ல கண்ணு, தர்மாஸ்பத்திரிதானே” என்பார். ரொம்ப நாள் நானும் அதை நம்பினேன்.

சென்னையில் மனநோய்க்கான செலவுக் கணக்கு பழையது. 1794இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் இங்கே மனநோயாளர் விடுதி தொடங்கினார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. சுவருக்குள் இருப்பவர்களுக்குக் கணக்கு எழுதுவது எளிது: இத்தனை தலை, இத்தனை நாள், இவ்வளவு சாப்பாடு. சுவருக்கு வெளியே ஆகும் செலவுக்கு ஏடே கிடையாது.

அந்த ஏட்டை எழுதவேண்டிய கட்டாயம் இங்கிலாந்தில் வந்தது. 1980களில் பெரிய மனநல மருத்துவமனைகளை மூடி, நோயாளிகளை ஊருக்குள் அனுப்பினார்கள். இது மலிவா, கூடுதல் செலவா? இதை அறிய ஜெனிபர் பீச்சமும் மார்ட்டின் நாப்பும் ஒரு கேள்விப்படிவம் தயாரித்தார்கள். எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள், எத்தனை முறை, எங்கே தங்கினீர்கள், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் விலை போடும் படிவம் அது. பிறகு ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், லண்டன், சான்டாண்டர், வெரோனா ஆகிய ஐந்து நகரங்களை ஒப்பிட அதன் ஐரோப்பிய வடிவம் வந்தது. நாட்டுக்கு நாடு பணத்தின் மதிப்பு வேறு என்பதால், அதன் வாங்கும் சக்தியைக் கொண்டு சரிசெய்தார்கள். 2000இல் வெளியான ஓர் ஆய்வில் பெங்களூரையும் ராவல்பிண்டியையும் சுற்றியிருந்த கிராமங்களிலும் இப்படிக் கணக்கெடுத்தார்கள்.

படிவத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குடும்பத்தார் செலவிடும் நேரத்தை அது கேட்கிறது. மருத்துவமனைப் பதிவேடு ஒருநாளும் கேட்டதில்லை. சிக்கல் விலை போடும் இடத்தில் இருக்கிறது. இழந்த கூலியை வைத்துக் கணக்கிட்டால், கூலி குறைந்தவளின் இரவு மலிவாகிவிடும். கூலியே இல்லாதவளின் இரவு பூஜ்யம். ஆள் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டாலும், அந்த ஆளும் குறைந்த கூலிக்கு வரும் இன்னொரு பெண்தான். வாங்கும் சக்தியைச் சரிசெய்யும் சூத்திரத்துக்கு இது தெரியாது.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எம். சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து, 1984இல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கியவர். அங்கிருந்து ஆர். தாராவும் உடன் ஆய்வாளர்களும், மனச்சிதைவு வந்து மணவாழ்க்கை முறிந்த சென்னைப் பெண்களைப் பற்றி 2003இல் எழுதினார்கள். பெரும்பாலானோருக்குக் கணவனிடமிருந்து ஜீவனாம்சம் வரவில்லை, பெற்றோர்தான் பார்த்துக்கொண்டார்கள். நோயைவிட ‘வாழாவெட்டி’ என்ற பேர்தான் அந்த வீடுகளில் அதிகம் உறுத்தியது. கணவன் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குக் கைமாறிய அந்தச் செலவை, நாடுகளை ஒப்பிடும் எந்த அட்டவணையில் தேடுவது?

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. சிகிச்சைக்கும் போக்குவரத்துக்குமாக ஒரு குடும்பம் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் செலவழிப்பதாக அது சொன்னது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம், பெரியம்மாவுக்குத்தான் அது கிடைக்கவில்லை. இப்போது எண்ணூரிலிருந்து கீழ்ப்பாக்கம் போகும் தாயிடம் படிவத்தை நீட்டினால், பயணச்செலவு என்ற கட்டத்தில் பூஜ்யம் விழும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பேருந்து நிற்கும் நேரம் வேறு.

‘நோயாளியை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கவனித்தீர்கள்?’ என்று பெரியம்மாவைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மகள் இரவில் வாசல் தாண்டிப் போய்விடக் கூடாதென்று, தன் முந்தானையை அவள் தாவணியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் அவர் தூங்குவார்.