தஞ்சையில் வளைந்த வட்டம்

அரை டன் எடை. அடியில் மூன்றடி விட்டத்துக்கு ஒரு வட்டத் தட்டு, அதன் விளிம்பைச் சுற்றிலும் முடிக்கோடுகள், மேலே ஒரு தொலைநோக்கி. லண்டனில் வில்லியம் கேரி என்பவரின் பட்டறையில் செய்த, கோணம் அளக்கும் தியோடலைட் அது. பொள்ளாச்சி நான்குவழிச் சாலை போட்டபோது மடத்துக்குளம் பக்கம் முக்காலி வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சர்வேயர்களின் கருவிக்கு இதுதான் முப்பாட்டன்.

கேட்டு வாங்கியவர் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரைபடம் வேண்டும். அது நாட்டைப் பிடிக்கிறவர்களின் தேவை. லாம்ப்டனுக்கு வேறொரு கிறுக்கும் இருந்தது. பூமி உருண்டை என்றால் எப்படிப்பட்ட உருண்டை? துருவத்தில் தட்டையானது என்று நியூட்டன் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அப்படியானால் அட்சரேகையில் ஒரு டிகிரி நகர நடக்க வேண்டிய தூரம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறவேண்டும். பூமத்தியரேகை ஓரமாக அது சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தில் 111.7. இந்த ஒரு கிலோமீட்டர் சொச்சத்தைத் தரையில் அளந்து பிடிப்பதற்குத்தான் அரை டன் பித்தளையும் இரும்பும்.

கப்பல் ஏறிய கருவி நேராக வந்து சேரவில்லை. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது பீரங்கி இல்லை, அறிவியல் கருவி என்று புரிந்திருக்கிறது. மரியாதையாக ஒரு கடிதத்தையும் வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டைக்காரர்களிடம் இருந்த அந்த நாகரிகம் இன்றைக்கு எந்தச் சுங்கச் சாவடியில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

கூட வேலை செய்த சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாக பீக்கிங் வரை போய், வேண்டாம் என்று திரும்பி, கல்கத்தாவில் விலைக்கு வந்தது. அதைக் கொண்டுதான் 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார் லாம்ப்டன். ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் போதும், மீதி எல்லாம் கோணம்தான். முக்கோணத்தோடு முக்கோணம் ஒட்டிக்கொண்டே போகலாம்.

அந்த முக்கோண வரிசை 1806இல் கோவைச் சீமைக்கு வந்தது. இங்கே இன்னொரு அடிக்கோடு போட்டுக் கணக்கைச் சரிபார்த்தார்கள். தென்கோடியில் 8 டிகிரி 9 நிமிடத்தில் ஒரு நிலையம், கோவைச் சீமையில் 10 டிகிரி 59 நிமிடத்தில் இன்னொன்று. நடுவில் உள்ள வில்லின் நீளத்தை லாம்ப்டன் பின்னால் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார். மடத்துக்குளம் இருப்பது 10 டிகிரி 33 நிமிடத்தில். நம் ஊரின் அட்சரேகை அந்த வில்லுக்குள் விழுகிறது.

தியோடலைட்டின் தட்டில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதை நம் பஞ்சுத் தொழிலின் அளவிலேயே சொல்லிப் பார்க்கலாம். பக்கத்துக்கு 50 கிலோமீட்டர் வைத்து ஒரு முக்கோணம் போட்டால், பூமி வளைந்திருப்பதால் அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரியைத் தாண்டும். தாண்டுவது ஐந்தரை விகலை. விகலை என்றால் ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. மூன்றடித் தட்டின் விளிம்பில் ஒரு விகலை சுமார் 2 மைக்ரான். பருத்தி இழை ஒன்றின் தடிமனே 12 முதல் 20 மைக்ரான். ஆக, ஒரு பஞ்சு இழையை ஏழாக வகிர்ந்து அதில் ஒரு பங்கைத் தேடுகிற வேலை.

அப்படிப்பட்ட தட்டுத்தான் 1808இல் தஞ்சாவூரில் அடிபட்டது.

எங்கள் பக்கம் ஏறிப் பார்க்க மலைக்குப் பஞ்சமில்லை. காவிரிக் கழிமுகத்தில் எங்கு திரும்பினாலும் வயலும் தென்னையும். உயரம் என்று இருப்பது கோயில்தான். பெரிய கோயில் விமானத்தின் மேலே கயிறு கட்டி ஏற்றியபோது, பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்து, அரை டன்னும் ஊஞ்சலாடிக் கல் சுவரில் மோதியது. வட்டம் வளைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் லண்டனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக் கணக்கில் காத்திருப்பார்கள்.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். ஒரு பெரிய பலகையில், தட்டு இருக்கவேண்டிய சரியான அளவுக்கு வட்டம் வெட்டினார்கள். நசுங்கிய வளையத்தை அதில் வைத்து, ஆப்பு அடித்து, திருகு முடுக்கி, கப்பி போட்டு இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோணிப்போன ஆரக்கால்களைச் சின்ன மரச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரம் ஆனது. ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. புது பாகம் வரும்வரை மிஷின் நிற்கக்கூடாது என்பதுதான் அங்கேயும் சட்டம். அந்தக் கைவினைஞர்களின் பெயர்தான் கதையில் வருவதில்லை. லாம்ப்டன் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நிமிர்த்திய வட்டம் பழையபடி ஆகிவிட்டதா என்றால், கிட்டத்தட்டத்தான். அதன் பிறகும் அந்தக் கருவியை வைத்தே லாம்ப்டன் வடக்கே போய்க்கொண்டிருந்தார். 1823இல் ஹிங்கன்காட்டில் இறந்தார். வாரிசாக வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பிழை என்றால் முகம் சிவக்கிற ஆள். அவர் ஹென்றி பாரோ என்ற கருவித் தச்சரை லண்டனிலிருந்தே வரவழைத்து, பழைய தியோடலைட்டைப் புதுப்பிக்க வைத்தார்.

பாரோவுக்குப் பிறகு 1843இல் அந்த இடத்துக்கு வந்தவர் நம் ஆற்காட்டுக்காரர், சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவரை, சர்வே தலைவராக இருந்த பிளேக்கர் கல்கத்தாவுக்கு அழைத்துப்போயிருந்தார். பூமியை அளக்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறுப்பு நகைக்கடைக் கையிடம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இழையில் ஏழில் ஒரு பங்கைப் பார்க்கிற கண் வேறு எங்கே பழகும்?

கேரி செய்த தியோடலைட் இன்று டேராடூனில், இந்திய நில அளவைத் துறையிடம் இருக்கிறது. அது எடுத்துக் கொடுத்த எண்கள் அதைவிட நெடுநாள் உழைத்தன. இந்திய வில்லின் அளவுகளையும் சேர்த்து எவரெஸ்ட் 1830இல் பூமிக்கு ஓர் உருவம் கணக்கிட்டார். அதில் பூமத்தியரேகை ஆரம் 63,77,276 மீட்டர். செயற்கைக்கோள் காலத்துக் கணக்கு 63,78,137. வித்தியாசம் 861 மீட்டர். முழு ஆரத்தில் ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பங்கு. 2005இல் புதிய வரைபடக் கொள்கை வரும்வரை நாட்டின் நிலப்படங்கள் எவரெஸ்ட் உருவத்தின் மேல்தான் வரையப்பட்டன. அமராவதிக் கரையில் ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பழைய படத்திலிருந்து எடுத்து அப்படியே கைப்பேசியில் போட்டால், புள்ளி சில நூறு அடி தள்ளிப் பக்கத்துக் கரும்புக் காட்டில் போய் விழும்.