முன்னச்சின் கதை

திண்டிவனம் - விழுப்புரம் நெடுஞ்சாலையில் வரிசையாகச் செல்லும் ராணுவ லாரிகளை நாம் வேடிக்கை பார்த்திருப்போம். அவற்றின் சிறப்பு முன்னச்சில் உள்ளது. சாதாரண லாரியில் என்ஜின் பின்சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிறது. அவை சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். ராணுவ லாரியிலோ விசை முன்சக்கரங்களுக்கும் பிரிந்து செல்கிறது. பின்சக்கரங்கள் புதைந்தாலும் முன்சக்கரங்கள் இழுத்துக் கரையேற்றும்.

இவ்வகையில் நம் ராணுவம் நெடுங்காலம் நம்பியிருந்தது 'சக்திமான்'. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தில் 1959இல் தயாரிப்புத் தொடங்கி, ஜபல்பூர் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் உருவானது. பின்னர் அதன் இடத்துக்கு வந்த 'ஸ்டாலியன்', 1948இல் எண்ணூரில் வேர்விட்ட அசோக் லேலண்டின் வண்டி. அதுவும் ஜபல்பூரிலேயே பூட்டப்பட்டது.

நல்ல சாலையில் முன்னச்சு வீண் எடை, வீண் செலவு. ஆனால் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் நெடுஞ்சாலையையே வெள்ளம் மூடியது. போருக்கென வகுக்கப்பட்ட அந்த அச்சு, சாலை மறையும் நாளில் ஊருக்கும் வேண்டியதாகிறது. அடுத்த புயலுக்கு முன் நம் மாவட்டங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது.