கொனோமாவின் காடும் இளையோர் கடமையும்

நாகாலாந்தின் தலைநகரான கோகிமாவுக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மலைச்சரிவில் அமைந்த கொனோமா, அங்காமி நாகர்களின் பழமையான ஊர்களுள் ஒன்றாகும். 1879-80இல் பிரித்தானியப் படையை எதிர்த்து நின்ற களமாகவே வரலாற்று நூல்கள் இவ்வூரைப் பெரிதும் குறிப்பிடுகின்றன. ஆயினும், கனமழை பெய்யும் சரிவுகளில் மண்ணை இழக்காமல் தலைமுறைகளாகப் பயிரிட்டுவந்த அதன் வேளாண் வரலாறும் அதற்கு இணையான சிறப்புடையது.

வடகிழக்கு மலைகளில் ஜூம் எனப்படுவது, காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டுகள் பயிரிட்டபின், வளம் மீளும்வரை நிலத்தைத் தரிசாக விடும் முறையாகும். தரிசுக்காலம் குறுகிய இடங்களில் விளைச்சல் குன்றி மண்ணரிப்பு மிகுந்தது. கொனோமா மக்களோ ஜூம் நிலத்திலேயே ஆல்டர் மரங்களை வளர்த்தனர். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்குகின்றன. வேர்கள் சரிவைப் பிடித்து நிறுத்துகின்றன. பயிரிடும் பருவத்தில் மரத்தை அடியோடு வீழ்த்தாமல் ஆளுயரத்துக்கு மேல் கவாத்து செய்வதால், கிளைகள் விறகாகின்றன, அடிமரமும் மறுபடி துளிர்க்கிறது. பொதுவாகப் பத்தாண்டளவு வேண்டிய தரிசுக்காலம் இங்குச் சில ஆண்டுகளில் நிறைவுறுவதற்கு இதுவே காரணம்.

இவ்வறிவைக் கையளிப்பதற்கு ஊரின் சமூக அமைப்பே துணைநின்றது. வயதொத்தோர் இளமையிலேயே ஒரு குழுவாக இணைந்து, பாதை அமைத்தல், இளைப்பாறும் இடங்கள் கட்டுதல் முதலிய பொதுப்பணிகளை ஏற்பது இங்குள்ள வழக்கம். ஊரின் பொறுப்பை இளையோர் செயலின் வழியே கற்றனர். இவ்வமைப்புக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்தது: 1963இல் நாகாலாந்து மாநிலமானபோது, அரசியலமைப்பின் 371ஏ பிரிவு நாகர்களின் மரபுச் சட்டத்துக்கும் நில உரிமைக்கும் காப்பளித்தது.

அவ்வுரிமையின் வலிமையால்தான் 1998இல் ஊரவை ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் காட்டைத் தானே காப்பகமாக அறிவித்து, அங்கு வேட்டையைத் தடைசெய்ய முடிந்தது. பிளைத் டிராகோபன் என்னும் அரிய காட்டுப்பறவையைக் காப்பது அதன் முதன்மை நோக்கமாயினும், பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்கு நீரூட்டும் ஓடைகளும் அதனால் காக்கப்பட்டன. வேட்டை உணவோடும் பெருமிதத்தோடும் பிணைந்திருந்த ஊரில் அத்தடை எளிதில் ஏற்கப்படவில்லை. நெடுநாள் பேசி இணங்கவைத்த பின்னரே அது நிலைத்தது.

மழைப்பருவம் தடுமாறும் இக்காலத்தில் பழங்குடி மக்களுக்கெனத் திட்டம் வகுப்போர், நிலத்தின்மீது அவர்களுக்குள்ள உரிமையை உறுதிசெய்து, இளையோரிடம் முடிவெடுக்கும் பொறுப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.