இலையும் குளத்து நீரும்: தஞ்சை வழிப்போக்கர் உணவில் எச்சில், தீட்டு, தொற்று

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாயும் தஞ்சைப் பகுதி நெல் விளையும் நாடாக மட்டுமன்றி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களின் வழித்தடமாகவும், கும்பகோணம், திருவாரூர், நாகூர், வேளாங்கண்ணி முதலிய தலங்களை நாடி வெளியூர் மக்கள் ஆண்டு முழுதும் வந்து செல்லும் நிலமாகவும் இருந்து வந்துள்ளது. முன்பின் அறியாதவர் சமைத்ததை உண்ணவும், முன்பின் அறியாதவரோடு ஒரே நீர்நிலையைப் பகிரவும் நேர்ந்த இந்நிலத்தில், பொது இடத்தில் உண்ணும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் வழக்கங்கள், கிருமி என்னும் கருத்து அறிவியலில் நிலைபெறுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவாகிவிட்டன. அவற்றுள் எவை உடலைக் காத்தன, எவை காக்கத் தவறின, எவை சக மனிதரை விலக்கி வைக்கவே பயன்பட்டன என்று பிரித்தறிவது, இன்றும் வெளியில் உண்டும் பயணம் செய்தும் வாழும் தமிழருக்குப் பயனுள்ள வரலாற்றுப் பாடமாகும்.

இவ்வழக்கங்கள் பெருமளவில் செயல்பட்ட இடம் சத்திரம், அதாவது வழிப்போக்கருக்குக் கட்டணமின்றித் தங்குமிடமும் உணவும் அளித்த அறநிலையம் ஆகும். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரச் சாலையிலும் பிற வழிகளிலும் பல சத்திரங்களை நிறுவினர். அவற்றுள் இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் புகழ்பெற்றது. 1799 உடன்படிக்கையால் ஆட்சியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த சரபோஜி, சத்திரங்களின் அறப்பணி தடைபடக்கூடாது என்ற கவலையுடன் 1801-இல் கம்பெனியின் பிரதிநிதியான பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம், அவை நடந்த முறையை விரிவாகக் காட்டுகிறது. எல்லாச் சாதியினருக்கும் எல்லாச் சமயப் பிரிவினருக்கும் சோறு வழங்கப்பட்டதும், பிறர் சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் சமைக்காமலே அளிக்கப்பட்டதும், நள்ளிரவில் மணியடித்து இன்னும் உண்ணாதவரை அழைத்துச் சோறிட்டதும், நோயுற்ற வழிப்போக்கருக்கு மருத்துவர் இருந்து மருந்தும் அதற்கேற்ற உணவும் தந்ததும் அக்கடிதத்தால் தெரியவருகின்றன. பயணத்தில் நோய் வருவது இயல்பு என்பதையும், வந்தால் அவரைக் கவனிப்பது உணவிட்டவரின் கடமை என்பதையும் சத்திர அமைப்பு ஏற்றுக்கொண்டிருந்தது.

இத்தகைய பொதுப்பந்திகளில் உண்டவர்கள் கைக்கொண்ட ஒழுங்கின் மையம் ‘எச்சில்’ என்னும் கருத்து. வாய்பட்ட எதுவும், வாய்பட்ட கை தொட்ட எதுவும் பிறருக்கு ஆகாது என்பதே அதன் பொருள். வாழை மிகுதியாக விளையும் படுகை நிலத்தில், ஒருவர் உண்ட இலை மற்றொருவருக்குப் பயன்படாமல் உடனே எறியப்பட்டதும், வாழையிலை கிடைக்காத இடத்தில் ஆலிலை, மந்தாரையிலை போன்றவற்றை ஈர்க்குக் குச்சியால் இணைத்த தையல் இலை அவ்விடத்தை நிரப்பியதும், பரிமாறுபவர் கரண்டி இலையில் படாதபடி மேலிருந்து இட்டதும், செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடித்ததும், உண்ணுமுன்னும் உண்டபின்னும் கைகழுவியதும் இக்கருத்திலிருந்து கிளைத்த பழக்கங்கள். இன்றைய நோயியல் கொண்டு நோக்கினாலும், உமிழ்நீர் வழியாகப் பரவும் நோய்களைத் தடுப்பதில் இவற்றின் பயன் ஐயத்துக்கு இடமற்றது.

பயணம் புறப்படுபவர் வீட்டிலேயே கட்டிக்கொண்ட கட்டுச்சோறும் இதே எச்சரிக்கையின் வெளிப்பாடு. புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளியோதரை எளிதில் கெடுவதில்லை என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவர்கள், நெடுவழிக்கு அதையே தேர்ந்தனர். குடிநீருக்குத் திருகுமூடி கொண்ட பித்தளைக் கூஜா துணைவந்தது. செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில் காலரா, வயிற்றுக்கடுப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் அழிந்ததை இந்திய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் காட்டியுள்ளன. செம்புப் பாத்திரத்தில் நீர் வைத்துக் குடித்த பழைய வழக்கத்துக்கு, அதைக் கடைப்பிடித்தவர் அறிந்திராத ஒரு காரணமும் இருந்தது.

ஆயினும் எச்சில் என்ற கருத்தோடு பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடந்தது ‘தீட்டு’ என்னும் மற்றொரு கருத்து. எச்சில் எவருடைய வாய்க்கும் பொருந்தும். தீட்டோ பிறப்பின் அடிப்படையில் சிலருடைய உடலுக்கு மட்டும் சுமத்தப்பட்டது. இவ்விரண்டும் ஒரே செயலில் எவ்வாறு ஒளிந்திருந்தன என்பதைத் தண்ணீர்ப்பந்தல் காட்டுகிறது. கோடையில் வழிப்போக்கரின் தாகம் தீர்க்க அமைக்கப்பட்ட பந்தலில், குவித்த கைகளில் மேலிருந்து நீர் வார்ப்பது எல்லாருக்கும் பொதுவாயின் நல்ல சுகாதார முறையே. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டும் அவ்வாறு வார்த்து, மற்றவர்க்குச் செம்பைக் கையில் கொடுத்தபோது அதே செயல் அவமதிப்பாயிற்று. தேநீர்க் கடைகளில் சாதிக்கேற்ப இருவேறு குவளைகள் வைத்த இரட்டைக்குவளை முறை, நோய்த்தடுப்போடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத இந்தத் தீட்டின் தொடர்ச்சியே ஆகும்.

தூய்மை என்று கருதப்பட்டது உண்மையில் எவ்வளவு தூய்மையானது என்பதைக் கடுமையாகச் சோதித்தது காலரா, மக்கள் வழக்கில் வாந்திபேதி. 1817-இல் வங்காளத்தில் பெருகத் தொடங்கிய இந்நோய், அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தை அடைந்து, பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மீண்டும் மீண்டும் வந்தது. நோயாளியின் கழிவு கலந்த நீர் வழியாகவே இது முதன்மையாகப் பரவுகிறது என்பதை 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்னோ ஒரு தெருக்குழாயை ஆராய்ந்து சுட்டிக்காட்டினார். அதன் கிருமியை 1884-இல் கல்கத்தாவில் இராபர்ட் கோக் பிரித்தெடுத்து, அங்குள்ள குளத்து நீரிலும் கண்டார்.

குளம் என்னும் இச்சொல்லில்தான் தஞ்சைப் பகுதியின் துயரமும் அடங்கியிருந்தது. குளித்ததும் துணி துவைத்ததும் பாத்திரம் துலக்கியதும் குடிக்க மொண்டதும் பெரும்பாலும் ஒரே குளத்தில் நிகழ்ந்தன. புதிய இலையில் கொதிக்கக் கொதிக்கச் சோறு விழுந்தது; அதற்குமுன் அந்த இலையில் தெளிக்கப்பட்டதும், உண்டு முடித்து அண்ணாந்து குடிக்கப்பட்டதும் அக்குளத்து நீரே. உதடு படாமல் காத்த ஒழுங்கு, கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய நீரில் கலந்திருந்த கழிவை அறியவில்லை. சாதி பார்த்துக் கிணற்றையும் குளத்தையும் பிரித்தவர்களின் வீடுகளிலும் வாந்திபேதி நுழைந்தது. மேலும் கும்பகோணத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் மகாமகம் மாசி மாதத்தில், அதாவது ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் நீர்வரத்து குன்றும் பருவத்தில் வருவதும், ஏறத்தாழ 6 ஏக்கர் பரப்புள்ள ஒரு குளத்தில் இலட்சக்கணக்கானோர் நீராடுவதும், சுகாதார அதிகாரிகளுக்குப் பெருங்கவலையாக விளங்கின.

இக்கவலை மெல்ல நிறுவனங்களாகவும் சட்டங்களாகவும் உருப்பெற்றது. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த வால்டர் கிங்கின் பெயரால் 1899-இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிலையம் தடுப்பு மருந்து உற்பத்தியிலும் நீர் ஆய்விலும் முன்னின்றது. 1939-இல் நிறைவேறிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர், தங்கும் விடுதி, உணவு, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சத்திரத்தின் நல்லெண்ணத்தால் மட்டும் காக்க இயலாத வழிப்போக்கரின் உயிரைக் காப்பது அரசின் பொறுப்பாயிற்று.

இதற்கிடையே, 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் ஓடத் தொடங்கிய இரயில், பயணிகளை நெருக்கமாக உட்கார வைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்தோறும் தோன்றிய காப்பி கிளப்புகள், அதாவது காப்பியும் சிற்றுண்டியும் விற்ற உணவகங்கள், காசு கொடுத்து உண்ணும் பழக்கத்தைப் பரப்பின. கொதிநீரில் இறக்கிய டிகாக்‌ஷனும் காய்ச்சிய பாலும் குளத்து நீரைவிடப் பாதுகாப்பானவை. விளிம்பு மடிந்த தம்ளரும் டவராவும் உதடு படாமல் ஆற்றிக் குடிக்க வசதி தந்தன. ஆனால் தீட்டும் உடன் பயணித்தது: இரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கென்று தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்ததைப் பெரியாரும் அவர் இயக்கத்தினரும் எதிர்த்துப் போராடியதன் விளைவாக, 1941-இல் அப்பிரிவினை நீக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு, சாதி முதலியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கக்கூடாத இடங்களை எண்ணும்போது உணவகத்தையும் விடுதியையும், கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லியே குறிக்கிறது.

தட்டின்மேல் நெகிழித் தாள் விரித்துச் சூடான உணவை இடும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவி, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டபின், வாழையிலை மீண்டும் பல மேசைகளுக்குத் திரும்பியுள்ளது. இலை திரும்பியது நன்று. அதில் தெளிக்கும் நீரும் அதைத் துடைக்கும் துணியும் தூய்மையானவையா என்று கேட்கும் பழக்கமும் அதனுடன் வரவேண்டும். முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் கைகழுவுதலும் எச்சில் விலக்கலும் சூடான உணவும் காக்கத்தக்கவை. தீட்டு முற்றிலும் கைவிடத்தக்கது. நோய் ஒருவருடைய சாதியிலிருந்து வருவதில்லை, காவாத நீரிலிருந்தும் கழுவாத கையிலிருந்தும் வருகிறது. ஆகவே எல்லாருக்கும் ஒரே பந்தியும், அப்பந்திக்குத் தூய நீரும் கிடைக்கச் செய்வதே, நள்ளிரவில் மணியடித்துப் பசித்தவரை அழைத்த மண்ணுக்கு உரிய சுகாதாரமாகும்.